என் கையில் இருப்பதாகக் காட்டும் மணி

"தொந்தரவுக்கு மன்னிக்கவும். அவசரம் ஒன்றுமில்லை. சும்மா விசாரிக்கலாம் என்றுதான்."

இந்த மூன்று வரியை எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. மூன்றுமே பொய். தொந்தரவு செய்யத்தான் எழுதுவேன். அவசரம் உண்டு. சும்மா ஒன்றும் விசாரிக்கவில்லை. ஆனால் ஜியோகேச்சிங் விளையாட்டில் ஒரு பொருளைக் காணோம் என்றால் இப்படித்தான் கேட்க வேண்டும். "எடுத்தது நீதானே, எங்கே வச்சிருக்கே" என்று கேட்டுவிட்டால் நாம்தான் மரியாதை தெரியாதவர்கள் ஆகிவிடுவோம்.

நான் பெரம்பலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். பத்தொன்பது வருஷமாக ஊசி குத்துகிறேன். டவுனில் பாதிப் பேருடைய சர்க்கரை அளவு எனக்குத் தெரியும். நாற்பத்தைந்து வயதில் என் ரத்தத்தை நானே எடுத்துப் பார்த்தபோது அதிலும் சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொன்னார். மைதானத்தைச் சுற்றி நடந்து பார்த்தேன், பத்து நாளில் அலுத்துப்போனது. எதிரே வருகிறவர்கள் எல்லாம் நிறுத்தி ரிப்போர்ட் எப்போது வரும் என்று கேட்டார்கள். பெங்களூரில் இருக்கும் தம்பி ஒரு தீபாவளிக்கு வந்தபோது என் போனில் இந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான்.

விளையாட்டு இதுதான். உலகம் முழுக்க யார் யாரோ சின்னச் சின்ன டப்பாக்களை ஒளித்துவைத்து, அந்த இடத்தை இணையதளத்தில் குறித்து வைத்திருப்பார்கள். நாம் போனைப் பிடித்துக்கொண்டு தேடிப் போய், டப்பாவை எடுத்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதி, இருந்தபடியே திரும்ப ஒளித்துவிட்டு வர வேண்டும். அக்கம்பக்கத்து ஆட்கள் கண்ணில் படக்கூடாது. பரிசு கிடையாது. என் வீட்டுக்காரர் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். விவரமெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடையில காலி டப்பா நெறைய கெடக்கு. ஒளிச்சு வக்கிறேன், தேடி எடுத்துக் கழுவி வச்சுடு" என்றார். அன்றிலிருந்து அவர் வாயில் நான் டப்பாக்காரி.

டப்பாக்களைவிட எனக்குப் பிடித்தது ட்ராக்கபிள். ஒரு சின்ன உலோகத் தகடு, அதில் ஒரு எண். அதோடு பொம்மையோ சாவிக்கொத்தோ ஏதாவது ஒன்றைக் கோத்து, ஒரு டப்பாவில் போட்டு அனுப்புவார்கள். கண்டெடுத்தவர் அதைத் தன்னோடு எடுத்துப் போய் வேறு ஊர் டப்பாவில் போட வேண்டும். எடுத்ததையும் போட்டதையும் இணையதளத்தில் பதிய வேண்டும். சொந்தக்காரர் வீட்டில் உட்கார்ந்தபடியே தன் பொருள் எந்த ஊரில் இருக்கிறது என்று வரைபடத்தில் பார்ப்பார். நாள் முழுக்க ரத்தம் பிடித்த சோதனைக் குழாய்களில் எண் ஒட்டி, அது எந்த மேசையில் இருக்கிறது என்று பதில் சொல்லும் வேலை எனக்கு. பிழைப்புக்குச் செய்வதையே பொழுதுபோக்காகவும் பிடித்துக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

இதற்கும் சில மரியாதைகள் உண்டு. எடுத்தால் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்குமேல் வைத்துக்கொள்ளக் கூடாது. நகர்த்த முடியாது என்றால் எடுக்கவே கூடாது. எல்லோரும் இதை ஒப்புக்கொள்வார்கள், பிறகு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மறந்துபோவார்கள். நான் அனுப்பிய பித்தளைச் சாவிக்கொத்து பெங்களூர் போய், குடகு போய், அங்கே ஒருவரிடம் மாட்டியது. இன்னார் கையில் இருக்கிறது என்று அதன் இணையப் பக்கத்தில் அவர் பெயரோடு காட்டிக்கொண்டே இருந்தது. ஒரு மாசமல்ல, இரண்டு வருஷம். ஏழு முறை எழுதினேன். ஒரே ஒரு முறை பதில் வந்தது: பத்திரமாக இருக்கிறது. பத்திரமாக இருந்து எனக்கு என்ன? வைத்துக்கொண்டு பூஜையா செய்கிறீர்கள் என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.

நானும் ஒரு டப்பா வைத்திருந்தேன். பாடாலூரில் திரும்பி அரியலூர் பக்கம் போகிற வழியில் காரை என்ற ஊருக்கு அந்தப்புறம் ஒரு பொட்டல். மண் மேடு மேடாக அரித்துக் கிடக்கும். ஒரு காலத்தில் கடலாக இருந்த இடம், சங்கும் நத்தையும் பதிந்த கற்கள் காலில் இடறும். அதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். அங்கே ஒரு உடைமரத்தடியில், கல்லுக்குப் பின்னால், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. பக்கத்தில் கூப்பிடு தூரத்தில் எல்லைக் கருப்பு கோயில். கூரை இல்லை, சுவர் இல்லை, வரிசையாக ஊன்றிய வேல்களும் அவற்றில் கட்டிய மணிகளும்தான். தேடி வருகிறவர்களுக்கு நல்ல அடையாளம் என்று நினைத்தேன், அதற்குமேல் யோசிக்கவில்லை.

ஒரு தை மாசம் கல் ஆராய்ச்சிக்கு வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் அந்த டப்பாவில் ஒரு மாட்டு மணியைப் போட்டுவிட்டுப் போனார். உள்ளங்கையில் அடங்கும் அளவு, தகரத்தை மடித்து அடித்தது, கறுத்த தோல் வாரில் தொங்கியது. வாரின் கண்ணில் எண் போட்ட தகடு. ஆஸ்திரியாவில் மலையடிவாரத்தில் மாடு வளர்த்த ஒரு பெரியவருடையது. முட்டி தேய்ந்து மாடுகளையெல்லாம் விற்றபோது கடைசி மாட்டின் கழுத்திலிருந்து கழற்றியது. என்னால் இனி எங்கும் போக முடியாது, இது போய் வேறு ஊர் மாடுகளைப் பார்க்கட்டும் என்று அதன் இணையப் பக்கத்தில் எழுதியிருந்தார். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் மாட்டோடு ஒரு போட்டோ எடுத்துப் போட வேண்டும், அதுதான் அவர் கேட்டது.

மறுவாரமே அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் தெருவில் பால் ஊற்றுகிறவரின் மாட்டுப் பக்கத்தில் பிடித்தபோது அது மணியை ஒரு முறை நக்கிவிட்டு என்னை முட்ட வந்தது. படம் கோணலாகத்தான் வந்தது. ஆனாலும் போட்டேன். மறுநாள் பெரியவரின் மகள் நன்றி எழுதியிருந்தார். அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, போனில் பெரிதாக்கிக் காட்டினேன், நல்ல மாடு, மெலிந்திருக்கிறது என்றார், என்று.

அப்புறம்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். லீவுக்கு வந்திருந்த தம்பி மறுநாள் பெங்களூர் கிளம்பினான். அவனிடம் கொடுத்திருந்தால் மணி அங்கிருந்து எங்கெங்கோ போயிருக்கும். கொடுக்கவில்லை. திரும்பக் கொண்டுபோய் என் டப்பாவிலேயே வைத்தேன். யாராவது பயணி எடுத்துப் போகட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. பொட்டல்காட்டில் கிடக்கும் என் டப்பாவின் இணையப் பக்கத்தில் வெளிநாட்டு மணி ஒன்று இருப்பதாகக் காட்டியது எனக்குப் பெருமையாக இருந்தது. எடுத்து வைத்துக்கொள்வது மட்டும் திருட்டல்ல, இதுவும் ஒரு மாதிரித் திருட்டுத்தான். அதைப் பார்த்துக் கேட்க யாரும் இல்லை.

ஆவணி மாசம் மகள் மறுபடியும் எழுதினார். அப்பாவுக்கு எண்பத்து நாலு வயதாகிறது, தனியாக இருக்க முடியவில்லை, குளிர் தொடங்குமுன் முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போகிறோம், வீட்டை வேறு ஆட்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அறையில் அதிகம் சாமான் வைக்க இடமில்லை, என்ன எடுத்துப் போகலாம் என்று கேட்டால் அந்த மணியைத்தான் கேட்கிறார். விளையாட்டில் இப்படிக் கேட்பது முறையில்லை என்று தெரியும், முடிந்தால் தபாலில் அனுப்ப முடியுமா? நான் உடனே பதில் போட்டேன். கட்டாயம். ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறேன், திங்கட்கிழமை அனுப்புகிறேன். லேப் ரிப்போர்ட் எழுதும் ஆங்கிலம் எனக்கு. அதனால் பேச்சில் வளைவு நெளிவெல்லாம் வராது. அவர் அதை அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை டப்பா இருந்தது. நோட்டு இருந்தது, பென்சில் இருந்தது. மணி இல்லை.

வெயிலில் அந்தக் கல்மேல் உட்கார்ந்து டப்பாவை நாலு முறை கவிழ்த்துப் பார்த்தேன். அத்தனை சின்ன டப்பாவில் மணி எங்கே ஒளிந்துகொள்ளும்? நோட்டைப் புரட்டினேன். நான் வைத்த பிறகு வந்தவர் ஒருவர்தான். திருச்சிக்காரர். எடுத்ததாக எங்கும் பதியவில்லை. வீடு வந்து சேர்ந்ததும் அவருக்கு எழுதினேன். தொந்தரவுக்கு மன்னிக்கவும், அவசரம் ஒன்றுமில்லை.

மறுநாளே மரியாதையாகப் பதில் சொன்னார். மணியைப் பார்த்தேன், அழகாக இருந்தது, அடுத்த சில மாசம் வெளியூர் போகிற வேலை எனக்கு இல்லை, அதனால் எடுக்காமல் வைத்துவிட்டேன். முறைப்படி என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் செய்திருந்தார். நான் நம்பவில்லை. குடகுக்காரர் மேல் இருந்த இரண்டு வருஷக் கோபமும் எங்கேயாவது இறங்க இடம் தேடிக்கொண்டிருந்தது. போட்டோ எடுத்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். வேறு யாருமே வரவில்லையே என்றேன். அதற்குப் பதில் வரவில்லை. ஒரு வாரம் கழித்து, டப்பாவின் பொதுப் பக்கத்தில், எல்லோரும் படிக்கிற இடத்தில், ஒரு கிழவரின் கடைசி ஆசையைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு இந்த விளையாட்டு எதற்கு என்று எழுதிவிட்டேன். பெயர் எழுதவில்லை. எழுதவே தேவையில்லை, அந்தப் பக்கத்தில் மணி வந்த பிறகு அவர் ஒருவர் பெயர்தான் இருந்தது. இரண்டு நாளில் அவர் தன் பதிவை அழித்துவிட்டார். பார்த்தீர்களா, குற்றமுள்ள நெஞ்சு என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தோசையைப் பிட்டுக்கொண்டே, நானாக இருந்தாலும் அழித்திருப்பேன் என்றார்.

அந்தப் பக்கம் மகள் கேட்டுக்கொண்டிருந்தார், தபாலில் போட்டாயிற்றா என்று. தேடுகிறேன் என்று எழுதினேன். டப்பா வைத்தவள் என்ற முறையில் ஒரு பட்டனை அழுத்தி, காணவில்லை என்று நான் குறித்துவிடலாம். குறித்துவிட்டால் வரைபடத்தில் அந்தக் கோடு காரையோடு நின்றுபோகும். எனக்குக் கை வரவில்லை. ஞாயிறு தோறும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், எலி இழுத்திருக்குமோ, கீரி இழுத்திருக்குமோ என்று மரத்தைச் சுற்றிக் குச்சியால் கிளறினேன். யாராவது வந்தால் போன் பேசுவதுபோல் நடித்தேன். ஐந்தாவது ஞாயிறு எனக்கே என்மேல் சலிப்பு வந்துவிட்டது. லேப்பில் எத்தனையோ குழாய் தொலைந்து கிடைத்திருக்கிறது. இவ்வளவு அசதி வந்ததில்லை.

அன்றைக்கு ஆடு மேய்க்கிற அம்மா ஒருவர் மேட்டுக்கு அந்தப்பக்கமிருந்து நேராக என்னிடம் வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும். தலையில் துண்டு, கையில் தழை இழுக்கும் தொரட்டி. முன்னேயும் தூரத்தில் பார்த்திருக்கிறேன். என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"வாரா வாரம் வந்து இந்த மரத்தையே சுத்துறியே, நீதானா அது?"

எது என்றேன்.

"மணி திருடுனது."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மணியைப் பார்த்தீர்களா அக்கா, எங்கே என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை விடுவித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். போன வருஷம் கருப்பு கோயிலில் பதினோரு மணியை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள், பழைய இரும்புக்குப் போடத்தான். ஊரில் அதைப் பற்றிப் பஞ்சாயத்தே நடந்தது. ஆனி மாசம் ஆடு ஒன்று இந்த மரத்தடியில் கல்லைத் தள்ளியது. உள்ளே டப்பா, டப்பாவுக்குள் மணி, மணியில் நம்பர் போட்ட தகடு. திருடியவன் ஒன்றை மட்டும் ஒளித்துவைத்திருக்கிறான் என்று நினைத்திருக்கிறார். நம்பர், போலீஸ்காரர்கள் போட்டது என்று நினைத்திருக்கிறார். கண்டெடுத்த பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, அதிலும் சாமி பொருள். நேரே கொண்டுபோய்க் கட்டிவிட்டார்.

டப்பாவை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"திருடன் வந்து பாத்து வயிறு எரியட்டும்னுதான்" என்றார். "எரிஞ்சிச்சா?"

எரிந்தது அக்கா என்றேன்.

கோயிலுக்குக் கூட்டிப்போனார். மூன்றாவது வேலில், மற்ற வெண்கல மணிகளுக்கு நடுவில் கறுப்பாக அது தொங்கியது. வாரைப் பின்னிக் கட்டாமல், அதில் இருந்த கொக்கியிலேயே சரியாக மாட்டியிருந்தார், மாடு கட்டிப் பழகிய கை. தகட்டில் மஞ்சளும் குங்குமமும் இட்டிருந்தது, எண்ணில் இரண்டு இலக்கம் தெரியவில்லை. ஐந்து வாரமாக அதிலிருந்து நூறு அடி தூரத்தில்தான் நான் குச்சியால் கிளறிக்கொண்டிருந்திருக்கிறேன். காற்றடித்தபோது அது கேட்டிருக்கும். கோயில் மணி என்று விட்டுவிட்டேன்.

நான் யார், டப்பா எதற்கு, மணி யாருடையது என்று எல்லாவற்றையும் சொன்னேன். விளையாட்டு என்பது அவருக்கு ஏறவில்லை. ஆனால் மாடுகளை விற்ற கிழவர் என்றதும் உச்சுக்கொட்டினார், கடைசி மாட்டை எத்தனையாவது கறவையில் விற்றார் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவருக்கு இதை அனுப்ப வேண்டும், வாக்குக் கொடுத்துவிட்டேன், இதற்குப் பதிலாக இதைவிடப் பெரிய வெண்கல மணியாக வாங்கிக் கட்டிவிடுகிறேன் என்றேன். அந்த அம்மா ஒரு ஆட்டை அதட்டினார். பிறகு சொன்னார்.

"எம் மவன் மலேசியா போயி அஞ்சு மாசம் பேச்சு மூச்சே இல்லம்மா. அனுப்புனவன் போனும் எடுக்கல. இருக்கானா இல்லையான்னே தெரியாம கெடந்தேன். இத கட்டுறப்ப, கருப்பா, ஒம் பொருள ஒனக்குக் குடுத்துட்டேன், எம் புள்ளய எனக்குக் காட்டிக் குடுன்னு சொல்லித்தான் கட்டுனேன். எட்டாம் நாளு போன் வந்துச்சு. இப்ப வெள்ளிக்கு வெள்ளி பேசுறான்."

நான் மறுபடியும் வேறு மணி என்று ஆரம்பித்தேன்.

"வேற மணி கட்டுனா அது வேற வேண்டுதல்" என்றார். "ஆனா வச்சது நீ. ஒனக்கு வேணும்னா அவுத்துக்க. நான் தடுக்கல."

சொல்லிவிட்டுப் போய் ஒரு கல்லில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

வாரின் கொக்கியில் கை வைத்தேன். அவிழ்ப்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. யார் என்னைக் கேட்க முடியும்? பொருள் எங்கள் விளையாட்டுடையது, எண் என் போனில் இருக்கிறது, சொந்தக்காரர் கேட்கிறார். ஊசி குத்தும்போது திரும்பிக்கொள்கிற ஆட்களை நான் தினமும் பார்க்கிறேன். வலிக்கும் என்று தெரிந்து, குத்துவதைப் பார்க்க வேண்டாம் என்று திரும்புவார்கள். அந்த அம்மாவின் முதுகு அப்படித்தான் இருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை பூசாரியைப் போய்ப் பார்த்தேன். அவர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர், விசேஷ நாளில்தான் பூசாரி. லாரிக்கு அடியில் படுத்திருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எல்லாவற்றையும் கேட்டார். பூ கேட்டுப் பார்த்துவிடலாம் மேடம், சிவப்பும் வெள்ளையும் பொட்டலம் கட்டிப் போடுவோம், வெள்ளை வந்தால் தாராளமாக அவிழ்த்துக்கொண்டு போங்கள், அந்த அம்மாவும் ஒத்துக்கொள்ளும், சாமியே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்றார். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. இருந்தும் வேண்டாம் என்றேன். வெள்ளை வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

மகளுக்கு எழுத நாலு நாள் பிடித்தது. கருப்பு யார் என்று எழுதினால் பக்கம் நீளும், எழுதாவிட்டால் நான் ஏதோ கதை விடுகிறேன் என்று ஆகும். திருட்டுப் போன மணி என்று நினைத்து ஒருவர் அதைக் கோயிலில் சேர்த்துவிட்டார், அதன்பிறகு அவருடைய மகன் பேசினான், என்னால் அதை அவிழ்க்க முடியவில்லை, உங்கள் அப்பாவிடம் நான்தான் வாக்குத் தவறினேன் என்று எழுதினேன். போட்டோவும் வைத்தேன். அதில் மணிக்குக் கீழே ஒரு ஆடு நின்றது. அதை என் டப்பாவிலேயே பெருமைக்கு வைத்திருந்ததையும் எழுதினேன். எழுதாமல் விட்டிருக்கலாம்தான். ஆனால் களைத்துப்போயிருந்தேன், ஒளித்துவைக்கத் தெம்பில்லை.

திருச்சிக்காரருக்கும் எழுதினேன். பொதுப் பக்கத்தில் எழுதியதைப் பொதுப் பக்கத்திலேயே தப்பு என்று எழுதினேன். நோட்டை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். பெயர்களை மட்டும் பார்த்து மூடியிருந்தேன். அவர் பெயருக்கு அடுத்த பக்கத்தில் பென்சிலால், மணி அருமை, விட்டுச் செல்கிறேன், அடுத்து வருகிறவர் நல்ல இடத்துக்குக் கொண்டுபோகட்டும் என்று எழுதியிருந்தார். அவரிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை. விளையாட்டையே விட்டுவிட்டார் போலிருக்கிறது.

மகளின் பதில் பத்து நாள் கழித்து வந்தது. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் காபி குடிக்கும்போது, அந்த அம்மாவின் மகன் இந்த வாரம் கூப்பிட்டானா என்று கேட்டார். பிறகு, வாருக்கு எண்ணெய் போடச் சொல், அந்த வெயிலில் தோல் வெடித்துவிடும், மழைக்கு முன்னால் ஒரு முறை, மழைக்குப் பின்னால் ஒரு முறை என்றார். நேற்று இல்லத்துக்குப் போய்விட்டோம். உங்களிடம் ஒன்று கேட்கிறேன், காணவில்லை என்று மட்டும் குறித்துவிடாதீர்கள், அதைப் படித்துக் காட்ட என்னால் முடியாது.

லேப்பில் நாற்காலியில் ஒரு தாத்தா சட்டைக் கையை மடித்துவிட்டபடி காத்திருந்தார். நான் போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் பயந்துபோய், எனக்கு என்னம்மா வந்திருக்கு என்று கேட்டார். உங்களுக்கு ஒன்றும் இல்லை தாத்தா என்று சொல்லி ஊசியை எடுத்தேன்.

காணவில்லை என்று குறிக்கக் கூடாது. டப்பாவில் இருக்கிறது என்று விட்டால் வருகிறவர்கள் தேடி ஏமாறுவார்கள். கருப்பு கையில் இருக்கிறது என்று போட அந்தப் பக்கத்தில் வழி இல்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான். எண்ணைப் போட்டு, நான் எடுத்ததாகப் பதிந்தேன். அன்றிலிருந்து அந்த மணியின் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. என் கையில் இருக்கிறது என்று உலகத்துக்கே காட்டிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது வருஷம் இது. மழைக்கு முன்னால் ஒரு முறையும் பின்னால் ஒரு முறையும் விளக்கெண்ணெய் பாட்டிலை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போகிறேன். மணியை அந்த அம்மா பிடித்துக்கொள்வார், நான் வாருக்குத் தேய்ப்பேன். மகன் பேசினானா என்று கேட்பேன், கிழவர் எப்படி இருக்கிறார் என்று அவர் கேட்பார். அவன் நடுவில் இரண்டு வெள்ளி பேசாமல் விட்டபோது அவரே லேப்புக்கு வந்து, வாரை ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டார். பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். வார் நன்றாகத்தான் இருந்தது.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து யாரோ ஒருவர் எழுதியிருந்தார். தொந்தரவுக்கு மன்னிக்கவும், அவசரம் ஒன்றுமில்லை, அந்த மணி இத்தனை நாளாக உங்களிடமே இருப்பதாகக் காட்டுகிறதே, சும்மா விசாரிக்கலாம் என்றுதான். இப்படி மாசத்துக்கு ஒன்றாவது வருகிறது. ஆரம்பத்தில் கருப்பு, ஆடு, மலேசியா, ஆஸ்திரியா என்று முழுக் கதையையும் எழுதிக்கொண்டிருந்தேன். சிலர் பதில் போட்டார்கள், சிலர் நல்ல கதை என்றார்கள். இப்போது அவ்வளவு எழுத முடிவதில்லை. பத்திரமாக இருக்கிறது என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அவர் நம்பியிருக்க மாட்டார். குடகுக்காரர் அப்படி எழுதியபோது நானும் நம்பவில்லை.